பயறு வண்டுகளுக்கு நிதி கேட்ட வருஷம்

இளம் விஞ்ஞானிகளுக்கு ஆராய்ச்சி நிதி என்று தில்லியிலிருந்து வந்த அறிவிப்பு எங்கள் துறைப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று எனக்கு இருபத்தெட்டு வயது. விண்ணப்பிக்கிறவருக்கு முப்பது தாண்டியிருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. நான் ஆராய்ந்துகொண்டிருந்ததோ முதுமையை. கிழட்டுத்தனத்தைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் கிழடாவதற்கு முன்னாலேயே பணம் வாங்கிவிட வேண்டும் போலிருக்கிறது என்று பலகைக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களும் விண்ணப்பிக்கப் போகிறவர்கள்.

எழுபதுகளின் கடைசி அது. கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு அதே ஆய்வுக்கூடத்தில் ஒரு தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மார்ச் மாதத்தோடு அதுவும் முடிந்துவிடும். வீடு மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே சுக்குக் கிடங்கு, மேலே நானும் அம்மாவும். நான் கல்லூரியில் சேர்ந்த வருஷமே அப்பா போய்விட்டார். அதன் பிறகு அம்மா ஒரு தேயிலைத் தரகரின் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். முதல் ஆறு வருஷம் அவளையும் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். தினமும் நான் படகில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் களமசேரி போவேன். என் துணியிலிருந்து சுக்கு வாசனை வருகிறது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தெரிந்ததே இல்லை.

முதுமை ஆராய்ச்சி என்று சொன்னால் அந்தக் காலத்தில் யாருக்கும் விளங்காது. திருப்பூணித்துறையில் இருந்த ஒரு உறவுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முழங்காலைத் தடவிக்கொண்டே ஏதாவது மருந்து கண்டுபிடித்தாயா என்று கேட்பார். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நரைக்கு எண்ணெய் வேண்டும். நான் எந்த மருந்தையும் தேடவில்லை, உயிர் ஏன் கிழடாகிறது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமை என் பலம் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மேல், ஆமாம், அடுத்த மாதம் தயாராகிவிடும் என்று சொல்லிவிட்டு நகரத் தொடங்கினேன்.

எலியை வைத்து இதைச் செய்யலாம். எலி மூன்று வருஷம் வாழும். எனக்கு மூன்று வருஷ வேலை யாரும் தரவில்லை. ஆகவே பயறு வண்டைப் பிடித்துக்கொண்டேன். எள்ளளவுதான் இருக்கும். பயறுக்குள்ளிருந்து வட்டமாகத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அது தின்பதில்லை, குடிப்பதில்லை. இணை சேரும், பயறின் மேல் முட்டையை ஒட்டும், பத்து நாள் வாக்கில் செத்துப்போகும். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு முழு வாழ்க்கை. முதல் இரண்டு நாள் மூடியைத் திறந்தால் பறந்து தப்பிக்கப் பார்க்கும். ஒரு வாரம் ஆகிவிட்டால் கண்ணாடியில் ஏற முயன்று சறுக்கி விழும், மல்லாந்து கிடந்து காலை உதைக்கும். முட்டை மறுபடி வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம். குறைந்த கால வேலைக்காரிக்கு ஏற்ற பிராணி.

ஆனால் முதல் வண்டுகளைத் தேடியபோது பட்ட பாடு இருக்கிறதே. பஜார் ரோடு முழுக்கத் தானியக் கடை. வண்டு விழுந்த சிறுபயறு இருக்கிறதா என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் கோபம். எங்கள் கடையில் பூச்சியா, யார் சொன்னது, எந்தக் கடைக்காரன் உன்னை அனுப்பினான் என்று ஒருவர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். நாலைந்து கடைகளில் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் எங்கள் பயறு டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு கூட்டமே ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். அவள் முகம் அந்தக் கடைக்காரர்களின் முகத்தைவிட மோசமாகப் போயிற்று.

"இதை நீ உன் காலேஜ்ல யார்கிட்டயும் நம்மாத்துலேர்ந்து எடுத்தேன்னு சொல்லப்படாது, மனசிலாச்சோ?" என்றாள்.

என் ஆய்வின் யோசனை எளிமையானது. ஒரு ஜாடியில் வண்டுகள் இளமையில் இடும் முட்டைகளிலிருந்து அடுத்த தலைமுறையை எடுப்பது. இன்னொரு ஜாடியில் இளமையில் இட்ட முட்டைகளை ஒதுக்கிவிட்டு, கிழடாகி, சாகும் தறுவாயில் இடும் முட்டைகளிலிருந்து மட்டும் அடுத்த தலைமுறையை எடுப்பது. தள்ளாத வயதிலும் முட்டை இட முடிந்தவற்றின் பிள்ளைகள் என்பதால், இரண்டாவது ஜாடியில் தலைமுறைக்குத் தலைமுறை ஆயுள் நீள வேண்டும். நீண்டால், முதுமை என்பது எழுதிவைத்த விதி இல்லை, இழுத்தால் கொஞ்சம் இழுபடும் என்று அர்த்தம். எனக்கு அந்த நினைப்பே போதை மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் வேறு எதைப் பற்றியும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பயறு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே கடையில் வாங்கினேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து ஆள். அங்கே வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது, அரைத் தமிழும் அரை மலையாளமுமாகப் பேசுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அவர் கடைதான். மாதா மாதம் ஒரே மூட்டையிலிருந்து எனக்கு இரண்டு தடவை பயறு வேண்டும், இரண்டாவது தடவைக்கானதை வேறு யாருக்கும் விற்காமல் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். வண்டு ஆராய்ச்சி என்றேன். சர்க்கார் வேலையா என்றார். கிட்டத்தட்ட என்றேன். அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்த அன்று கொஞ்சம் கொடுத்தார், மீதியை ஒரு பெரிய தகர டின்னில் போட்டு மூடி வைத்தார். மாதா மாதம் அப்படியே. புது மூட்டைப் பயறு இளமை ஜாடிக்கு. ஒரு வாரம் கழித்து, வண்டுகள் கிழடான பிறகு, டின்னிலிருந்து வாங்கும் பயறு முதுமை ஜாடிக்கு. ஒரே மூட்டைதானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஆறேழு தலைமுறையில் முதுமை ஜாடி வண்டுகள் நிஜமாகவே அதிக நாள் வாழ்ந்தன. முட்டைதான் குறைவாக இட்டன. அதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. நீண்ட ஆயுள் உள்ளவை நிதானமாகத்தான் பிள்ளை பெறும் என்று எழுதினேன். எழுதியபோது என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வரைபடம் போட்டேன். இரண்டு கோடுகளும் அழகாகப் பிரிந்து போயின. சனிக்கிழமை மத்தியானங்களில், அலுவலகம் காலியான பிறகு, அம்மா என் விண்ணப்பத்தைத் தன் மிஷினில் டைப் செய்தாள். நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பாள். அவளுக்குப் புரியாத வாக்கியத்தை அவள் விரல் அடிக்க மறுத்துவிடும். அதனால் அந்த விண்ணப்பம் நான் எழுதியதைவிடத் தெளிவாகத் தில்லிக்குப் போயிற்று.

விண்ணப்பம் போன கையோடு இன்னொன்றும் நடந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிய வங்கித் தேர்வில் தேறிவிட்டேன். எர்ணாகுளத்திலேயே வேலை, நிரந்தரம், கடைசியில் பென்ஷன். உறவினர் பட்டாளம் முழுக்க ஒரே குரலில் சேர்ந்துகொள் என்றது. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நேர்காணலுக்கு வரச் சொல்லித் தில்லியிலிருந்து கடிதம் வந்தது. வங்கியில் சேர வேண்டிய நாள் அதற்கு ஒரு மாதம் தள்ளி. நிதி கிடைத்தால் ஆராய்ச்சி, இல்லாவிட்டால் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்கள் பணத்தை எண்ணுவது. இதில் தெளிவில்லாதது எதுவும் இல்லை. கிடைத்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். என் வரைபடத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வழக்கமாகப் போகாத ஒரு மத்தியான நேரத்தில் அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடையில் ஆள் இல்லை. அவர் உள்ளே தரையில் உட்கார்ந்து, முறத்தில் பயறைப் பரப்பி, உள்ளங்கையில் எதையோ ஊற்றித் தேய்த்துக்கொண்டு பயறை அளைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் என் தகர டின்.

"அண்ணாச்சி, அது என்ன?"

"வா மக்ளே. ஆமணக்கெண்ணெயாக்கும். ஒரு துளி. உனக்குன்னு தனியா எடுத்து வச்ச சாதனம்லா, டின்னுக்குள்ள கிடந்து பூச்சி விழுந்திரப்பிடாது. சாயா சொல்லட்டா?"

"எப்பலேர்ந்து தடவறீங்க?"

"முதல்லேர்ந்தே. வீட்டுக்கு வைக்கிற பயறுக்குத் தடவாம இருப்பமா?"

நான் அங்கே கிடந்த ஒரு காலி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் தடவிய பயறில் வண்டு முட்டையிடாது, இட்டாலும் பாதி பொரிக்காது. அதற்காகத்தான் எல்லோரும் தடவுகிறார்கள். இத்தனை மாதமாக முதுமை ஜாடிக்கு மட்டும் எண்ணெய் தடவிய பயறு போயிருக்கிறது. அவை முட்டை குறைவாக இட்டது நிதானத்தால் இல்லை. இடப் பிடிக்காமல். அதிக நாள் வாழ்ந்தது என் பொறுக்கலால் இல்லாமல் இந்த எண்ணெயால்கூட இருக்கலாம். பயறு பளபளப்பாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"அண்ணாச்சி, நான் பூச்சியைக் கொல்லலை. வளக்கறேன்."

அவர் கை முறத்தில் நின்றது. "வளக்கியா?"

"ஆமா."

"என் பயறுலயா?"

எழுந்து வாசல்வரை போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். "மக்ளே, இதை வெளிய சொல்லிராத. பூச்சி வளக்கிறவளுக்கு இங்கேர்ந்துதான் பயறு போகுதுன்னு தெரிஞ்சா என் யாவாரம் போச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் மேல் கோபப்பட முடியுமா? எங்கள் மேல் இருந்த பிரியத்தில், யாரும் சொல்லாமலேயே, தன் செலவில் எண்ணெய் வாங்கித் தடவியிருக்கிறார். கோபம் முழுக்க எனக்கு என் மேலேதான் வந்தது, அது படகிலும் கூடவே வந்து பஸ்ஸிலும் ஏறிக்கொண்டது.

களமசேரியில் என் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "சோதிச்சால் மாத்திரம் பறஞ்சால் மதி" என்றார். கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்கிறார். யாரும் கேட்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொச்சியில் ஒரு பலசரக்குக் கடையில் என்ன எண்ணெய் தடவினார்கள் என்று தில்லியிலிருந்து வருகிறவர் எங்கே கேட்கப் போகிறார்? நிதி வந்த பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகத் திருப்பிச் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். அது தப்பான யோசனை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்போ நான் டைப் பண்ணினதெல்லாம் பொய்யாக்கும்?"

"பொய் இல்லைம்மா. தப்பு."

"பேப்பர்ல ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

அவள் களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் யோசித்துக்கொண்டிருந்தபோது வேறொன்று மெல்ல உறைத்தது. எண்ணெயால் வாழ்ந்தன என்றால், எப்படி? எண்ணெயை அவை குடிக்கவில்லை. அவற்றுக்கு வாயே வேலை செய்வதில்லை. முட்டையிடாமல் இருந்ததால் வாழ்ந்தன என்றால், பிள்ளை பெறுவதற்கான செலவு ஆயுளிலிருந்து போகிறது என்றாகிறது. நான் கேட்ட கேள்வியைவிட இது பெரிய கேள்வி. எண்ணெய் தடவிய ஒருவர் அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சாயா வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை, அன்றுதான் வெளிவந்த பெண் வண்டுகளை இணை சேரவிட்டு, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். சிலவற்றுக்கு வெறும் பயறு. சிலவற்றுக்கு எண்ணெய் தடவிய பயறு. சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை, காலிக் குழாய். நேர்காணல் வரை தினமும் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகூடப் போனேன். காவல்காரர் கதவைத் திறந்துவிட்டு, வண்டுக்கு லீவு இல்லையா என்று கேட்டார்.

நேர்காணல் களமசேரியிலேயே, எங்கள் வளாகத்து விருந்தினர் விடுதியில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களில் இருவர் தலைக்கு மை பூசியிருந்தார்கள். முதுமை ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல சபை கிடைக்காது என்று நினைத்ததும் என் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. நடுவில் இருந்தவர்தான் தலைவர். ஓரத்தில் இருந்தவர் மட்டும் நரையை அப்படியே விட்டிருந்தார். அவர் பேசவே இல்லை.

தலைவர் என் வரைபடத்தை எடுத்து வைத்து, மிக நன்றாக இருக்கிறது என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. துறைத் தலைவர் சொன்னபடி, கேட்டால் மட்டும்தானே சொல்ல வேண்டும்? என் வாய் நான் அனுமதி கொடுப்பதற்கு முன்பே திறந்துவிட்டது.

"அந்தப் படம் தப்பு" என்றேன்.

டின்னையும் எண்ணெயையும் சொன்னேன். அண்ணாச்சியை மட்டும் ஒரு வியாபாரி என்று நிறுத்திக்கொண்டேன், அவர் வியாபாரம் கெடக்கூடாது. சொல்லி முடித்ததும் தலைவர் படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அது எனக்கு வலித்தது. பிறகு பையிலிருந்து குழாய்களை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். வெறும் பயறோடு இருந்தவை எல்லாம் செத்துக் கிடந்தன. எண்ணெய்ப் பயறோடு இருந்தவற்றில் ஒன்றிரண்டு அசைந்தன. காலிக் குழாய்களில் பாதிக்கு மேல் நடந்துகொண்டிருந்தன.

"இவை எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை. கணக்குப்படி எல்லாமே செத்திருக்க வேண்டும்" என்றேன்.

மை பூசிய இன்னொருவர் உற்சாகமானார். எண்ணெய் தடவினால் வண்டு முட்டையிடுவதில்லை என்பதை நீ அளந்தே காட்டியிருக்கிறாயே, இது சேமிப்புத் தானியத்துக்கு எவ்வளவு உபயோகம் தெரியுமா, பூச்சிக் கட்டுப்பாடு என்று தலைப்பை மாற்றி எழுதிக் கொடு, மூன்று வருஷத்துக்கும் நானே பரிந்துரைக்கிறேன் என்றார். மனிதர் உண்மையாகவே எனக்கு உதவத்தான் பார்த்தார். மூன்று வருஷம். தலைப்பு மட்டும் மாற வேண்டும்.

"ஐயா, எண்ணெய் தடவினால் வண்டு வராது என்பது எங்கள் தெருவில் எல்லாச் சமையலறைக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க சர்க்கார் எனக்கு மூன்று வருஷம் சம்பளம் கொடுத்தால் என் அம்மாவே சிரிப்பாள்" என்றேன். "கொல்வதற்குப் பணம் எப்போதும் இருக்கிறது. இவை ஏன் இன்னும் சாகவில்லை என்று பார்க்கத்தான் நான் கேட்கிறேன்."

சொன்ன மறுகணமே, இத்தனை துடுக்கு வேண்டியிருந்ததா என்று தோன்றியது. அப்போது ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு காலிக் குழாயைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த வண்டு ஏறிச் சறுக்கியது, மறுபடி ஏறியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறதா?" என்றார்.

"ஆமாம்."

"இப்போது பயறு கொடுத்தால் இடுமா?"

"தெரியாது."

"அதன் பிறகு எத்தனை நாள் இருக்கும்?"

"அதுவும் தெரியாது. ஆனால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்."

அவர் குழாயை மெதுவாகக் கீழே வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகலாம் என்று தலைவர் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். எர்ணாகுளம் வருவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக அழுதேன். கிடைக்காது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் படகில் ஏறிக் காற்று பட்டதும் பசித்தது. பல நாளாகப் பசிக்கவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி கடையில் நின்று, எண்ணெய் தடவாத பயறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வங்கியில் சேரும்வரை அந்தக் கேள்வியையாவது பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். காலிக் குழாய் வண்டுகளுக்குப் பயறு கொடுத்தேன். சில உடனே முட்டையிட்டன. சில யோசிப்பது போல ஒரு நாள் இருந்துவிட்டு இட்டன. இட்டு முடித்தவை சீக்கிரமே மல்லாந்தன. அதைப் பார்த்த அன்று துறைத் தலைவரின் அறைக்கு ஓடியே போனேன். அவர் இந்த முறை கதவைச் சாத்தவில்லை, தானே எழுந்து வந்து குழாய்களைப் பார்த்தார்.

வங்கியில் சேர வேண்டியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தில்லியிலிருந்து கடிதம் வந்தது. நிதி உண்டு. தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மூன்று வருஷம் கிடையாது, ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு வேலையைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

கிடைக்காது என்று முடிவு செய்தபோது சுலபமாக இருந்தது. கிடைத்ததும்தான் கஷ்டமாகப் போயிற்று. ஒரு பக்கம் ஒரு வருஷம். இன்னொரு பக்கம் ஐம்பத்தெட்டு வயது வரை மாதா மாதம் தவறாத சம்பளம். அம்மாவுக்கு இன்னும் கொஞ்ச வருஷத்தில் ஓய்வு. அதன் பிறகு வீட்டு வாடகை என் பொறுப்பு. ஆசைப்படுகிறவள் வீட்டில் நான் ஒருத்திதான், ஆனால் எனக்கு ஓர் அம்மாவும் இருக்கிறாள். எனக்கு பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் அவள் வந்ததும் இரண்டு கடிதங்களையும் அவள் கையில் கொடுத்தேன். புடவைகூட மாற்றாமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். டைப்பிஸ்ட் ஆனதால் முதலில் எழுத்துப் பிழை தேடுவாள், பிறகுதான் விஷயத்துக்கு வருவாள்.

"பாங்க்ல எத்தனை வருஷம்?" என்றாள்.

"முப்பது."

"இதுல?"

"ஒண்ணு."

"நான் ஆறு வருஷம் டெம்பரரியா இருந்தவளாக்கும். ஒவ்வொரு மார்ச்சும் அடுத்த வருஷம் உண்டோ இல்லையோன்னு பயந்துண்டே இருப்பேன். அது உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை."

நான் சரி என்று தலையாட்டினேன். வங்கிதான் என்று புரிந்துகொண்டேன். அவள் மேல் எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அவள் சொன்னது முழுக்க நியாயம்.

அவள் இன்னும் தில்லிக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் வண்டு ஒரு வருஷத்துல எத்தனை தலைமுறை பாக்கும்?"

"மாசத்துக்கு ஒண்ணு. பன்னிரண்டு."

"பன்னிரண்டா?" அவள் விரலை மடக்கி எண்ணப் பார்த்தாள். "எனக்கு எங்க தாத்தாவோட அப்பா பேர் தெரியும். அதுக்கு மேல யாருன்னு தெரியாது. நாலு தலைமுறைக்கு மேல போனா எனக்கு இருட்டு."

"ஆமாம்."

"பன்னிரண்டு தலைமுறையை ஒருத்தி உக்காந்து கண்ணால பாக்கலாம்னா, அது கொஞ்சமாடீ?"

அவள் வங்கிக் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

"அதுக்கப்புறம்?" என்றேன். "அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷத்து அப்ளிகேஷனை அடுத்த வருஷம் டைப் பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றிக்கொள்ள எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வங்கியில் யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்களோ என்னவோ. நான் அப்போது களமசேரியில் எல்லா ஜாடிகளையும் கழுவிக் காயவைத்து, புதுப் பயறு போட்டு, ஒவ்வொன்றின் மேலும் முதல் தலைமுறை என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன்.